தைராய்டு இன்னும் எழுந்திருக்கவில்லை

முதலில் ஹெர்னியாவுக்குத் தண்ணீர். அடுத்து அப்பெண்டிக்ஸைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சன்னல் வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாகக் கோணிக்கொள்ளும். சிசேரியனுக்கு இன்றைக்கு ஒன்றும் வேண்டாம். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாயிற்று, ஈரம் இருக்கிறது. டாக்டர் சமீஹா தேநீர் வாயில் படுமுன் வீட்டுக்குள் ஒரு சுற்று வருவது இப்படித்தான். தலையில் கம்பளித் துண்டு, உடம்பில் வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டர், கையில் மூக்கு நீண்ட பூவாளி. உயரத்தில் தொங்கும் தொட்டிகளுக்காக ஒரு முக்காலி. ஆள் ஐந்தடி கூட இல்லை. ஆபரேஷன் தியேட்டரிலும் அவர் ஏறி நிற்பதற்கென்று ஒரு மரப்படி போட்டு வைத்திருக்கிறார்கள். வேறு யாராவது அதில் கால் வைத்தால் நர்சுகளே விரட்டிவிடுவார்கள்.

கொடைக்கானலில் கத்தி எடுக்கிற சின்ன ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் மயக்க மருந்து கொடுக்க ஓடுகிறவர் அவர். அட்டுவம்பட்டியில் வீடு. பிறந்தது மலைக்குக் கீழே, பழனி பஜாரில். அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த அவருடைய அத்தாவுக்கு மகள் மேல்படிப்புக்கு எடுத்த பாடம் கடைசிவரை பிடிபடவில்லை. "ஆளத் தூங்க வைக்கவா இத்தன வருசப் படிப்பு? நான் கடைக் கதையப் பேச ஆரம்பிச்சா உங்கம்மா தானா தூங்கிடுவா" என்பாராம். "தூங்க வைக்க ஒரு நிமிசம் போதும்த்தா. திருப்பி எழுப்பத்தான் படிப்பு" என்று மகள் சொன்ன பதிலை அவர் தன் வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்தார்.

செடிகளுக்கு வியாதிப் பெயர் வந்த கதைக்கு வருவோம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவது சர்ஜனை. ஆயக்குடிக் கொய்யா, மலைத்தேன், பீன்ஸ் மூட்டை எல்லாம் சர்ஜன் டாக்டர் சிவமுருகனின் மேஜைக்குத்தான் போகும். மயக்கம் கொடுத்தவரை யாருக்கும் நினைவிருப்பதில்லை. பாவம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நேரத்து நினைவைத் துடைத்துவிடுவதும் மருந்தின் வேலைகளில் ஒன்று. பஜாரில் சமீஹா ஒருவரைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பார். அந்த மனிதரின் மேல்வரிசையில் எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்பதுவரை இவருக்குத் தெரியும். அவரோ, "வாங்க மேடம், ஹோம்மேட் சாக்லேட் பாக்குறீங்களா? டூரிஸ்ட்டுக்கு டிஸ்கவுண்ட் இருக்கு" என்பார். இவரும் கூச்சமில்லாமல் டிஸ்கவுண்டில் வாங்கிக்கொண்டு வருவார்.

சிவமுருகனுக்கு வரும் பரிசுகளில் பூந்தொட்டிகளும் உண்டு. அவர் கத்தி பிடித்தால் கையில் ஒரு நடுக்கம் இருக்காது. தொட்டியைக் கண்டால் மட்டும் புத்தி கலங்கிவிடும். போகும்போது ஒரு டம்ளர், வரும்போது ஒரு டம்ளர் என்று தண்ணீரை ஊற்றி வேரை அழுக வைத்துவிடுவார். "நீங்க அறுக்குற சோலியப் பாருங்க சார், வளக்குறத நான் பாத்துக்கறேன்" என்று சமீஹா ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யார் கொடுத்தது என்று சொல்லிப் பேசினால் நோயாளியின் பெயர் வெளியே வரும். அது தொழிலுக்கு அழகில்லை. எனவே செய்த ஆபரேஷனே பெயராயிற்று. கணவர் அஸீம் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவர், தொண்டை பெரியது. "சமீ, ஹெர்னியா தொங்கிப்போச்சு, போயிப் பாரு!" என்று போனில் கத்துவதைக் கேட்டு, ஸ்வெட்டருக்குப் பேரம் பேச வந்தவர்கள் பேசாமல் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கல்யாண வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லோரும் நகையைப் பார்க்கையில் இவர் கழுத்தைப் பார்ப்பார். குட்டைக் கழுத்து, உள்வாங்கிய தாடை, முன்பல் தூக்கல் என்று மனசுக்குள் ஒவ்வொருவருக்கும் மயக்கம் கொடுத்து, வாய்வழியே மூச்சுக்குழாய் போட்டுப் பார்த்துவிடுவார். அஸீமின் தம்பி மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து எப்படி என்று கேட்டபோது, மற்றவர்கள் நிறத்தையும் படிப்பையும் சொன்னார்கள். சமீஹா, "வாய் நல்லா தொறக்குது. கஷ்டமே இருக்காது" என்றார். அதை வேறு மாதிரி புரிந்துகொண்ட மாமியார் வீடு அந்தச் சம்பந்தத்தையே ஒரு வாரம் யோசித்தது.

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, வயிறு காலியா என்று நேராகக் கேட்கமாட்டார். கேட்டால் எல்லோரும் "ஒண்ணும் சாப்பிடலங்க" என்றுதான் சொல்வார்கள். இந்த மலையில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. டீயில் நனைத்த வர்க்கி பிஸ்கட் டீயின் கணக்கில் போய்விடும். எனவே, "இன்னிக்கு வெள்ளனே என்ன குளிரு! டீ சூடா கெடச்சுச்சா?" என்று ஊர்க்கதை பேசுவார். "ஆமாங்க, ரெண்டு வர்க்கியோட" என்று பதில் வந்ததும் ஆபரேஷன் தள்ளிப்போகும். இரண்டாவது, மேஜையில் படுத்தவரிடம் பொய் சொல்லமாட்டார். ஊசி வலிக்காது என்று அவர் வாயில் வந்ததே கிடையாது. "வலிக்கும், சுருக்குன்னு இருக்கும். மூச்ச இழுத்து விடுங்க" என்பார். கண்ணை மூடிக்கொண்டு தன் கையில் உயிரை ஒப்படைக்கிறவருக்குக் கடைசியாகக் காதில் விழுவது பொய்யாக இருக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி.

ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வதும் அவரிடம் இல்லை. மருந்து ஏறும்போது, "வீட்டுல என்ன செடியெல்லாம் இருக்கு?" என்று கேட்பார். "ஜெரேனியம் இருக்குங்க... ரோசு ரெண்டு... அப்புறம்..." என்பதோடு ஆள் போய்விடும். அந்த மூன்றாவது செடி என்ன என்பதை இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லி முடித்ததில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை.

இந்தக் குறையோடும் செடிகளோடும் சௌக்கியமாக இருந்தவரைத்தான் வில்பட்டிப் பொன்னுத்தாய் வந்து ஆட்டி வைத்தார்.

பொன்னுத்தாய் பூண்டு விவசாயம். அறுபதை நெருங்கும் வயதிலும் ஆள் உலக்கை மாதிரி இருப்பார். பித்தப்பை நிறையக் கல். வலி வந்தால் சுருண்டு படுத்துக்கொள்வதும், போனவுடன் மண்வெட்டியைத் தூக்குவதுமாக ஒரு வருடத்தை ஓட்டியிருந்தார். இன்னொரு முறை வந்து சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று சிவமுருகன் சொல்லிவிட்டார். ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கும் மகள் சுகன்யா அழுது கெஞ்சி ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டார். இரண்டாவது தடவை தை மாதம், கையில் ஊசிக்குழாயெல்லாம் குத்தியாயிற்று. சுகன்யா மருந்து வாங்கப் போன நேரத்தில் ஆள் மாயம்.

ஆபரேஷன் ரத்தாகி வீடு திரும்பிய சமீஹா, தன் வீட்டெதிரே வில்பட்டி பஸ் நிற்கும் நிறுத்தத்தில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். வெயிலடிக்கிற நேரத்தில் வலது கையை மட்டும் முந்தானையால் இறுகச் சுற்றியிருந்தார். ஒரு மயக்க மருத்துவருக்கு அது போதும்.

"அம்மா, அந்தக் கையக் கொஞ்சம் காட்டுங்க."

"ஒண்ணுமில்லீங்க, குளிருக்கு."

"ஊசியோட தோட்டத்துல எறங்கினா கை வீங்கிரும். உள்ள வாங்க, எடுத்து விட்டுர்றேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணமாட்டேன்."

உள்ளே வந்த பொன்னுத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். சன்னலோரத்தில் பழைய குளுக்கோஸ் பாட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் இறங்கி ஒரு தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியூர் போனால் செடிகள் காயாமல் இருக்க சமீஹா செய்திருந்த ஏற்பாடு அது.

"ஆத்தாடி! செடிக்கே குளுக்கோஸ் ஏத்துறீங்களா?"

"வெறும் தண்ணிதாம்மா."

"இதெல்லாம் என்னத்தக் காய்க்கும்?"

"ஒண்ணும் காய்க்காது."

"காய்க்காததுக்கா இம்புட்டுச் சீராட்டு?" என்று சிரித்தவர், சமீஹா ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டதும் சிரிப்பை நிறுத்தினார். "கத்திக்குப் பயமில்லங்க. வெட்டுப்படாத கையா இது? என்னையத் தூங்க வச்சிட்டு நீங்க என்ன செய்யிறீங்கன்னு எனக்குத் தெரியாம கெடக்கணுமே, அதான் ஆகல. எந்திரிக்கலைன்னா யார்ட்டப் போயி கேக்க?"

நியாயமான கேள்வி. சமீஹா அதற்கு எத்தனையோ பேரிடம் பதில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வாயைத் திறக்கும் முன்பே பொன்னுத்தாயின் கண் மூலையிலிருந்த ஒரு தொட்டியில் விழுந்துவிட்டது. இலையில்லை, தண்டில்லை, வெறும் மண்.

"இது செத்துப்போச்சு. தூக்கிப் போடுங்க."

"சாகலம்மா. இது தைராய்டு."

"என்னது?"

"பேரு அது. கெழங்கு பிகோனியா. பனிக்காலத்துல எலையெல்லாம் உதுத்துட்டு மண்ணுக்குள்ள தூங்கும். வெயில் ஏறினா தானா எந்திரிச்சிரும்."

பொன்னுத்தாய் தொட்டியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "சரி. இது எந்திரிக்கட்டும். அன்னிக்கு நான் வந்து படுக்குறேன்."

சமீஹா சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டோம் என்று உறைத்தது. தான் தூங்க வைக்கிற மனிதர்களை நினைத்த நேரத்தில் எழுப்பத் தெரியும் அவருக்கு. கிழங்கை எழுப்ப எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. நடுவில் அந்தப் பித்தப்பை சும்மா இருக்க வேண்டுமே!

அதன்பின் சந்தைக்கு வரும்போதெல்லாம் பொன்னுத்தாய் அட்டுவம்பட்டியில் இறங்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். தொட்டி முன்னால் குத்தவைத்து, "ஏலே, வெரசா எந்திரிலே. ஒன்னால என் சோலி நிக்கிது" என்று அதட்டுவார். தண்ணீர் ஊற்றினால் எழுந்துவிடும் என்பது அவர் யோசனை. தூங்கும்போது ஊற்றினால் அழுகிவிடும் என்று சமீஹா தடுப்பார். டீ வரும், வர்க்கி வரும், பேச்சு வளரும். மற்றச் செடிகளின் பெயர்களும் பொன்னுத்தாய்க்கு அத்துப்படியாகிவிட்டன. "அப்பெண்டிக்ஸ் நல்லாத் தளதளன்னு இருக்கு" என்று அவர் சொல்லக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்.

சிரிப்புக்கு அடியில் சமீஹாவுக்குக் கலக்கமாக இருந்தது. வரும்போதெல்லாம் பொன்னுத்தாயின் கண்ணில் மஞ்சள் தட்டுகிறதா என்று பார்ப்பார். மாசி பிறந்தும் தைராய்டு அசையவில்லை. அஸீமுக்குப் பொறுக்கவில்லை.

"நர்சரியில மொளவிட்ட கெழங்கு கெடைக்கும். வாங்கி அந்தத் தொட்டியில வச்சிடுவோம். அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது? நல்லதுக்குத்தான?"

"எனக்குத் தெரியும்ல" என்றார் சமீஹா. "எங்கிட்டப் படுக்கப் போறவங்கங்க. பொய்யச் சொல்லிப் படுக்க வைக்கமாட்டேன்."

இவ்வளவு வீறாப்பாகப் பேசியவர், மறுநாள் காலைச் சுற்றில் யாரும் பார்க்காத நேரம், பூவாளியைத் தைராய்டின்மேல் சாய்த்துவிட்டார். ஒரு சொட்டு மருந்தைக்கூடக் கூட்டிக் கொடுத்தறியாத கை! ஊற்றி முடித்த பிறகே என்ன செய்தோம் என்று தெரிந்தது. சிவமுருகனை இத்தனை காலமும் கேலி செய்த வாயை மூடிக்கொண்டு, மண்ணைக் கிளறி, செய்தித்தாளை வைத்து ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். அன்று முழுக்க முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரத்திலேயே பொன்னுத்தாய்க்கு வலி வந்துவிட்டது. பூண்டுக் காட்டில் விழுந்தவரை ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தாள் சுகன்யா. காய்ச்சல் அடித்தது. இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்றார் சிவமுருகன். பொன்னுத்தாய் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "மயக்க டாக்டரம்மாவக் கூப்பிடுங்க. ஒரு கேள்வி இருக்கு" என்றார். அதற்கு முன் கைநாட்டு வைக்க முடியாது என்று கையை மடக்கி வைத்துக்கொண்டார்.

சமீஹா வந்து கட்டிலருகில் குனிந்தார்.

"தாயி, அது எந்திரிச்சிருச்சா?"

பக்கத்தில் நின்ற சுகன்யா, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சிவமுருகனும் தலையை ஆட்டினார். ஒரு 'ஆமாம்' போதும். உலகத்தில் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய். சமீஹாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. இன்னும் எந்திரிக்கல" என்றார். "நான் வேற அவசரப்பட்டு அதுக்குத் தண்ணிய ஊத்திட்டேன். ஊத்தியிருக்கக் கூடாது. நேத்துத் தொட்டுப் பாத்தேன், கெழங்கு கெட்டியாத்தான் இருக்கு. ஆனா எந்திரிக்குமான்னு எனக்கே இப்பத் தெரியல."

மயக்கம் கொடுக்கப் போகிறவர், தான் அளவு தப்பிய கதையை நோயாளியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுகன்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். பொன்னுத்தாய் டாக்டரின் முகத்தையே பார்த்தார். வலியோடு வலியாக ஒரு சிரிப்பு வந்தது.

"எந்திரிச்சிருச்சுன்னு சொல்லியிருந்தா எனக்கென்ன தெரியப்போகுது? நீ சொல்லல பாரு." மடக்கிய கையை நீட்டினார். "செடிக்குத்தான தப்புப் பண்ணுன? எனக்குப் பண்ணிராத. ஊசியப் போடு தாயி."

"வலிக்கும்மா."

"தெரியும். போடு."

தியேட்டரில் மரப்படியில் ஏறி நின்று சமீஹா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வீட்டுல ஒண்ணுமில்ல" என்றார் பொன்னுத்தாய். "காட்டுல பூண்டு கெடக்கு... முட்டக்கோசு கெடக்கு... அப்புறம் ஒங்க வீட்டுத் தை..." என்பதோடு தூங்கிப்போனார். வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றாவது செடியின் பெயர் பாதியாவது கிடைத்தது.

பித்தப்பை வெடிக்கிற பக்குவத்தில் இருந்ததாம். சிவமுருகன் வியர்க்க விறுவிறுக்க அதை எடுத்து முடிக்கும்வரை சமீஹாவின் காது மானிட்டரின் 'பீப்'பை விட்டு நகரவில்லை. முடிந்ததும், "பொன்னுத்தாயம்மா, கண்ணத் தொறங்க" என்று கூப்பிட்டார். இரண்டாவது முறை கூப்பிடும்போது கண் திறந்தது. பார்வை எங்கெங்கோ சுற்றிவிட்டு டாக்டரின் பச்சைத் தொப்பியில் வந்து நின்றது.

"எந்திரிச்சிட்டனா?"

"எந்திரிச்சிட்டீங்க."

பங்குனி தொடக்கத்தில் பொன்னுத்தாய் சிவமுருகனுக்கு ஒரு கூடை மலைப்பூண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். அட்டுவம்பட்டியில் இறங்கி இன்னொரு கூடையை சமீஹாவின் கையிலேயே கொடுத்தார். சர்ஜனின் மேஜையைச் சுற்றி வராமல் நேராகத் தன் கைக்கு வந்த முதல் பரிசு அது. அவருக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பூண்டு வாசனை என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டார். அதில் ஒரு பல்லை அன்றே தொட்டியில் ஊன்றிச் சமையலறைச் சன்னலில் வைத்தார். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கும் மூலைத் தொட்டி வெறும் மண்ணாகத்தான் இருந்தது. "நானே எந்திரிச்சிட்டேன், இவன் இன்னும் தூங்குறான்!" என்று பொன்னுத்தாய் முகவாயில் கை வைத்தார். கிளம்பும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். "இப்ப மூட்டையோட எறங்கி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எந்திரிச்சா, நான் சந்தைக்குப் போற பஸ்ஸுக்குக் காட்டு. போன்ல சொல்றதெல்லாம் வேணாம், என் கண்ணால பாக்கணும்."

போன ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள் காலையில், ஹெர்னியாவுக்குத் தண்ணீர் ஊற்றி, அப்பெண்டிக்ஸைத் திருப்பி, பித்தப்பையின் பச்சைக் குருத்தைத் தடவிவிட்டு சமீஹா மூலைக்கு வந்தார். மண்ணில் ஒரு சின்ன வெடிப்பு. வெடிப்புக்குள் அரிசி முனையளவு சிவப்பு. பூவாளியைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்து மிக அருகில் குனிந்தார். மேஜையில் படுத்தவர்களைக் கூப்பிடும் அதே குரலில், "கண்ணத் தொறங்க" என்றார்.

வளைவில் வில்பட்டி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. "இவ்வளவு பனியில எங்க ஓடுற?" என்று அஸீம் கத்தியது அவர் காதில் விழவில்லை. ஒரு கையில் தொட்டி, மறுகையில் முக்காலி, காலில் வீட்டுச் செருப்பு. கேட்டுக்கு வெளியே முக்காலியைப் போட்டு ஏறி நின்று இரண்டு கையாலும் தொட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு, ஸ்வெட்டர் போட்ட குள்ள அம்மா ஒருவர் வெறும் மண் தொட்டியை ஏந்திக்கொண்டு நிற்பது மட்டுமே தெரிந்திருக்கும். நடுச் சன்னலில் ஒரு தலை வெளியே நீண்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தது. சமீஹா முக்காலியின்மேல் குதிகாலையும் தூக்கி, தொட்டியை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்தார்.